வன்னிக்கு விண்வெளி எதற்கு என்போருக்கு

நீண்ட காலம் ஓடிவரும் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் இரண்டு முன்னே நிற்கின்றன. பிரித்தானியாவின் பிபிசி 1963 நவம்பர் 23 இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ ஒன்று. அமெரிக்காவில் 1966 செப்ரெம்பர் 8 இல் முதல் அத்தியாயம் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ மற்றது. முன்னது 1989 இல் நின்று 2005 இல் மீண்டும் எழுந்தது. பின்னது 79 அத்தியாயங்களோடு 1969 இல் நிறுத்தப்பட்டு, 1987 முதல் வெவ்வேறு பெயர்களில் கிளைவிட்டு வளர்ந்தது. பத்து வயதில் பார்க்கத் தொடங்கி அறுபது வயதிலும் இவற்றை விடாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நடிகர்கள் மாறுவர், எழுதுவோர் இறப்பர், தயாரிக்கும் நிறுவனம் கைமாறும். பார்ப்பவர் மட்டும் அப்படியே இருப்பார். வாழ்நாள் இரசிகர் எனப்படுபவர் இவர்தான்.

இந்தப் பற்றைப் பற்றித் தமிழ்ச் சூழலில் ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி உலாவுகிறது. இது நமக்கு அந்நியமான வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, வளர்ந்த மனிதருக்கு ஆகாத சிறுபிள்ளைத்தனம், வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் வழி என்பது அதன் சாரம். பேச்சு வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் குரல் இன்னும் கடுமையாகும். வீடும் பிள்ளையும் இழந்த சனம் வாழும் மண்ணில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் படத்தை ஏந்தி இருக்கையில், வேற்றுக்கிரகக் கதையில் மனம் வைப்பது வெட்கக்கேடு என்பார்கள். அறச்சீற்றத்தின் தொனி இருப்பதால் இதற்கு மறுமொழி சொல்ல ஒருவரும் துணிவதில்லை. ஆனால் இந்தக் கருத்து அந்தத் தொடர்களையும் அறியாதது, வன்னியையும் அறியாதது.

அந்நியம் என்ற குற்றச்சாட்டு முதலில் விழக்கூடியது. கிளிநொச்சியில் இன்று தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் பக்கத்தில் நிற்கும் ‘டிஷ்’ எல்லாம் வானில் அசையாத ஒரு புள்ளியைப் பார்த்தபடி நிற்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்து சுழன்று, நிலத்திலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்கும். அத்தகைய மூன்று கோள்களால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்ரோபரில் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சில் கொழும்பில் இறக்கும்வரை இந்தத் தீவையே வீடாகக் கொண்டிருந்தார். வந்த புதிதிலேயே மைக் வில்சன் என்பவரோடு திருகோணமலைக் கடலுக்குள் இறங்கி, கோணேசர் கோயிலின் மூழ்கிய இடிபாடுகளைக் கண்டவர். 1979 இல் வெளியான அவருடைய நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி புறப்படுவது, இலங்கையைக் கொஞ்சம் தெற்கே தள்ளி வைத்தாற்போன்ற ஒரு தீவிலிருந்து. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி, கிளார்க்கின் எழுத்துக்கும் ஊக்கத்துக்கும் தான் கடன்பட்டிருப்பதை மறைத்தவரல்லர். 2007 டிசெம்பரில், 90 ஆவது பிறந்தநாளில், கிளார்க் மூன்று விருப்பங்களைச் சொன்னார்: பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு ஒரு சான்று, எண்ணெயில் தங்கியிருக்கும் நிலையிலிருந்து மனிதருக்கு விடுதலை, இலங்கையில் நிலையான சமாதானம். வேற்றுலக உயிரும் வன்னியில் மூண்டிருந்த போரும் அவருடைய ஒரே பட்டியலில் இருந்தன. அவற்றைப் பிரித்துவைக்க வேண்டும் என்பது பின்னால் வந்தவர்களின் கட்டளை.

கதைகளின் உள்ளடக்கம் வெளியிலிருந்து வந்ததாக இருக்கட்டும், அவற்றின் மேல் வாழ்நாள் முழுவதும் பற்று வைக்கும் பழக்கமே நமக்குரியதல்ல என்று சிலர் அடுத்த படிக்குப் போவர். இதைச் சொல்பவர் கூத்துக் களரிப் பக்கம் போயிருக்கமாட்டார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைச் சூழ்ந்த முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகிறது. முல்லைமோடி என்று அந்த மண்ணுக்கே ஓர் ஆட்டமுறை உண்டு. களரிக்கு முன்னால் பாயை விரித்து விடியும்வரை குந்தியிருக்கும் முதியவருக்குக் கோவலன் வெட்டுப்படுவான் என்பது தெரியாதா? சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்பது தெரியாதா? ஓரடி பிசகினால் அவர் இருந்த இடத்திலிருந்தே திருத்துவார். முந்திக் கண்ணகி வேடம் கட்டினவனின் குரலை இப்போதையவனின் குரலோடு ஒப்பிட்டுக் குறைசொல்வார். அடுத்த முறையும் அதே பாயோடு வருவார். இங்கிலாந்தில் ஒருவர் நான்காவது டொக்டரையும் பத்தாவது டொக்டரையும் ஒப்பிட்டு இரவிரவாகச் சண்டைபிடிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரே நாயகனை வெவ்வேறு நடிகர்கள் ஏற்பது 1966 இல் பிபிசிக்குப் புதுமையாகப் பட்டது. ஓரிரவுக் கூத்தில் ஒரே பாத்திரத்தை இருவர் மூவர் பங்கிட்டு ஆடுவதைப் பார்த்துப் பழகிய ஈழத்துப் பார்வையாளருக்கு அதில் திகைக்க ஒன்றுமில்லை.

எழுத்திலும் இதுவே நடந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வெட்டிச் சேர்த்துத் தைத்து வைத்த வீடுகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன, வன்னியிலும் இருந்தன. அதை எட்டாம் தடவை வாசிப்பவரைப் பார்த்துச் சிறுபிள்ளைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. இலக்கிய இரசனை என்பார்கள். சோழ இளவரசனுக்காக ஐம்பது வருடம் உருகலாம், விண்கலத் தலைவனுக்காக உருகக்கூடாது என்பதற்கு ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை.

அடுத்தது வசதி பற்றிய வாதம். தடையற்ற மின்சாரமும் சொந்தத் தொலைக்காட்சியும் ஓய்வு நேரமும் உள்ள சமூகத்தில்தான் இத்தகைய பற்று வளரும், அவை இல்லாத வன்னியில் அது போலியாகத்தான் இருக்கும் என்பது அந்த வாதம். கிளிநொச்சியின் நிலைமையைப் பார்த்தால் முதற் பாதி நியாயமாகவே தோன்றும். வடக்கில் 1980களில் ரீவி வைத்திருந்தவர்கள் அன்ரெனாவை உயர்த்திக் கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து வரும் தூர்தர்சனைப் பிடித்தார்கள். ஞாயிறு காலைகளில் தூர்தர்சன் ஸ்டார் ட்ரெக்கை ஒளிபரப்பிய காலம் அது. பிறகு போர் வந்தது. 1990 இல் ஏ9 வீதி மூடப்பட்டது, மின்சாரம் போனது, பற்றரியும் எரிபொருளும் தடைப்பொருள்கள் ஆயின. வன்னிச் சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டது. படம் பார்க்க வேண்டுமென்றால் ஜெனரேற்றரும் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, அயலட்டையெல்லாம் முற்றத்தில் கூடியிருந்து பார்க்க வேண்டும். எண்ணெய் முடிந்தால் படமும் முடியும். நகரம் 1996 இல் ஒருமுறை, 1998 இல் ஒருமுறை, 2009 சனவரியில் ஒருமுறை என்று கைமாறிக் கைமாறி இடிந்தது. இத்தகைய இடத்தில் ஒருவருக்கு ஒரு தொடர் கிடைத்திருந்தால் அது துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கும்: ஓர் அத்தியாயத்தின் பிற்பாதி, ஒரு கசற், பழைய இதழொன்றில் ஒரு படம், எங்கோ புலம்பெயர்ந்த உறவினர் கடிதத்தில் எழுதிய கதைச் சுருக்கம்.

வாதத்தின் பிற்பாதி இங்கேதான் உடைகிறது. துண்டுகளை வைத்து முழுமையை மனத்தில் கட்டுவது இந்த இரசிகத்தன்மைக்குப் புறம்பானதாக இருந்திருந்தால் டொக்டர் ஹூ இன்று முழுமையாகப் பேசப்படவே முடியாது. அந்தத் தொடரின் முதல் ஆறு ஆண்டுகளில் 253 அத்தியாயங்கள் வெளிவந்தன. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் இறுதி வரை பிபிசி அவற்றின் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது, படச்சுருள்களை எறிந்தது. நாடா விலை கூடியது, அலுமாரியில் இடமில்லை, மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தம் இல்லை என்பவை காரணங்கள். நூறு அத்தியாயங்கள் வரை பிம்பமாக இல்லாமற் போயின. ஆனால் ஒலியாக ஒன்றும் போகவில்லை. 1960களில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் ரீவியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்து, வீட்டிலுள்ளோரைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லி, ஒவ்வொரு கிழமையும் ஒலிநாடாவில் பிடித்து வைத்தார்கள். படம் பார்க்கக் கிடைக்காது என்று தெரிந்தே கேட்பதற்காகப் பிடித்தவை அவை. இழந்த அத்தியாயம் ஒவ்வொன்றுக்கும் இன்று ஒலிவடிவம் இருப்பது அந்தப் பிள்ளைகளால். பின்பு சில சுருள்கள் ஹொங்கொங்கில் அகப்பட்டன. நைஜீரியாவின் ஜொஸ் நகரில் கிடைத்த ஒன்பது அத்தியாயங்கள் 2013 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டன. செல்வ நாட்டின் பெரிய நிறுவனம் எறிந்ததை வறிய நாட்டு ஒளிபரப்பு நிலையத்தின் தூசி படிந்த அறை காப்பாற்றியது. (வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட தமிழோசையும் இதே பிபிசியினுடையதுதான். அந்த வானொலிச் சேவையும் 2017 இல் நிறுத்தப்பட்டது. காலாகாலமாகக் கேட்டவர்களுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.)

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்ததையும் பிபிசி நாடா அழித்ததையும் ஒன்றாக்கிப் பேச முடியாது. ஒன்று வன்மத்தின் செயல், மற்றது கணக்குப்பிள்ளையின் அலட்சியம். ஆயினும் அழிந்ததன் பிறகு நடந்ததில் ஓர் ஒற்றுமை கண்ணுக்குப் படுகிறது. 2005 இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்கத் தொடங்கிய நூலகம் திட்டத்துக்கு வீட்டுப் பெட்டிகளிலிருந்தும் பரண்களிலிருந்தும் பழைய பிரதிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தவர்களும், ஒலிநாடாவைத் தூக்கி எறியாமல் முப்பது வருடம் வைத்திருந்த அந்தப் பிள்ளைகளும் ஒரே வகை மனிதர்கள். அரசோ நிறுவனமோ பெறுமதியில்லை என்று தள்ளியதைப் பெறுமதியுள்ளது என்று பிடித்து வைத்திருப்பவர்கள். இல்லாமை இரசிகத்தன்மையைக் கொல்லும் என்போர் இதை எங்கே வைப்பர்?

இனித் தப்பியோடல். குற்றச்சாட்டுகளிலெல்லாம் கனமானது இது. இதைச் சொல்வோரிடம் முதலில் ஒரு சிறு முரண்பாட்டைச் சுட்ட வேண்டியிருக்கிறது. வன்னியில் பின்னேரமானால் வீடு வீடாகத் தமிழகத்து மெகா தொடர்கள் ஓடுகின்றன. மாமியாரின் சூழ்ச்சியும் மருமகளின் கண்ணீரும் ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டுகின்றன. புதுப் படம் வந்தால் இளைஞர் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள். இவற்றைப் பார்த்து யாரும் தாய்மாரின் போராட்டத்தை நினைவூட்டுவதில்லை. விண்கலம் வந்தவுடன்தான் அறம் விழித்துக்கொள்கிறது. ஆகவே எதிர்க்கப்படுவது தப்பியோடலே அன்று. பழக்கமில்லாத பாதையால் ஒருவர் போவதுதான்.

அதை விட்டுவிட்டு உள்ளடக்கத்துக்கு வரலாம். ஸ்டார் ட்ரெக்கின் கிளைகளில் ஒன்றான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ 1993 முதல் 1999 வரை ஓடியது. பஜோர் என்ற கிரகத்தை அரை நூற்றாண்டு காலம் கார்டாசியர் என்ற அயல் இனத்தார் ஆக்கிரமித்து வைத்திருந்து, கொள்ளையிட்டு, கட்டாய வேலை முகாம்கள் நடத்தி, கடைசியில் விட்டுப் போன கையோடு கதை தொடங்குகிறது. இந்தக் கதையின் தொடக்கப் புள்ளி ஆக்கிரமிப்பு அல்ல; அதற்குப் பின்னரான காலம்தான். தலைமைப் பாத்திரங்களில் ஒருத்தியான கீரா நெரிஸ் பிள்ளைப் பருவத்திலேயே ஆயுதம் எடுத்த முன்னாள் போராளி. ஆக்கிரமித்தவன் கட்டிய நிலையத்திலேயே உத்தியோகம் பார்க்கும் நிலை அவளுக்கு. நிர்வாகம், கோப்பு, கூட்டம், சமரசம் என்று நாள் போகிறது. கை மட்டும் பழைய கையாக இருக்கிறது.

1993 யூனில் வந்த ‘டூயட்’ என்ற அத்தியாயத்தை விரிவாகவே பார்க்கலாம். புதிய அரங்கு கட்டப் பணமில்லாமல், இருந்த அறைகளுக்குள்ளேயே எடுத்து முடித்த மலிவான அத்தியாயம் அது. ஒரு கார்டாசியன் நோயோடு நிலையத்துக்கு வருகிறான். ஒரு வேலை முகாமில் நடந்த சுரங்க விபத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நோய். ஆகவே அவன் அந்த முகாமில் இருந்தவன். கீரா அவனைச் சிறையில் போட்டு விசாரிக்கிறாள். நான் வெறும் கோப்பு எழுதுநர் என்கிறான். பிறகு அவனே அந்த முகாமின் கொடிய தளபதி என்பதற்குச் சான்று வருகிறது. அவனும் ஒப்புக்கொண்டு, செய்த கொலைகளைப் பெருமையாகச் சொல்லிக் காட்டுகிறான். விசாரிப்பவளும் பார்ப்பவரும் வெறுப்பின் உச்சிக்குப் போன இடத்தில் உண்மை வெளிப்படுகிறது. தளபதி செத்து ஆறு வருடம். இவன் உண்மையிலேயே கோப்பு எழுதுநர்தான். இரவில் கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவன். தளபதியின் முகத்தை அறுவைச் சிகிச்சையால் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், தன்னை விசாரித்துத் தூக்கிலிடட்டும் என்று. அப்போதாவது தன் இனம் செய்ததைத் தன் இனம் ஒப்புக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. கீரா அவனை விடுவிக்கிறாள். வெளியே வந்தவனை ஒரு பஜோரியன் குத்திக் கொல்கிறான். கார்டாசியன் என்பதே அவனுக்குப் போதுமான காரணம். போதாது என்று கீரா சொல்வதோடு அத்தியாயம் முடிகிறது.

கோப்பு எழுதியவனுக்கும் பொறுப்பு உண்டா? கண்டவன் சாட்சி சொல்லாவிட்டால் அவன் யார்? ஒரு நாடு தன் குற்றத்தை எப்போது ஒப்புக்கொள்ளும், அதற்கு யார் என்ன விலை கொடுக்க வேண்டும்? 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் இதே கேள்விகளைத்தான் கேட்டது. பிள்ளையின் பெயரை எந்தக் கோப்பில் யார் எழுதினார், அந்தக் கோப்பு எங்கே என்பதே அவர்களின் கோரிக்கையின் உள்ளீடு. இந்த அத்தியாயத்தைப் பார்ப்பவர் கிளிநொச்சியிலிருந்து தப்பியோடுகிறார் என்றால், எந்தத் திசையால் ஓடுகிறார் என்றாவது சொல்ல வேண்டும். கொழும்பில் தயாரான செய்தியறிக்கைகளில் பெரும்பாலானவை தொடாத இடத்தை லொஸ் ஏஞ்சல்ஸில் எடுத்த ஒரு மலிவுப் படம் தொட்டிருக்கிறது.

இது தற்செயலாக விழுந்த ஒன்றல்ல. அதே ஆண்டில் வந்த ‘புரோகிரஸ்’ அத்தியாயத்தில் ஒரு முதிய விவசாயி தன் நிலத்தை விட்டு எழும்ப மறுக்கிறார். அவர் குடியிருக்கும் சந்திரனின் உள்வெப்பத்தை எடுத்தால் பஜோரின் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு எரிசக்தி வரும். அவர் கட்டிய கொட்டிலும் தோட்டமும் போகும். முன்னாள் போராளியான கீரா இப்போது அரசின் பக்கம் நின்று அவரை எழுப்ப வேண்டியவள். அவரோடு சேர்ந்து கட்டிய சூளையை அவளே கடைசியில் உடைத்து, வீட்டுக்கு நெருப்பு வைக்கிறாள். அபிவிருத்தி பிழையென்றும் அத்தியாயம் சொல்லவில்லை, கிழவர் பிழையென்றும் சொல்லவில்லை. 2017 தொடக்கத்தில் முல்லைத்தீவு கேப்பாப்பிலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணிக்காக விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இரவு பகலாக இருந்து, மார்ச் முதலாந் திகதி அதை மீட்டார்கள். மாதிரிக் கிராமம் கட்டித் தந்திருக்கிறோமே, ஏன் அந்தப் பழைய காணிதான் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டவர்களுக்கு அந்தக் கிழவரைத் தெரிந்திருந்தால் நல்லது.

1995 இல் வந்த ‘ஷகார்’ இன்னும் நெருங்கிப் போகிறது. ஆக்கிரமித்தவர் போகும்போது நஞ்சூட்டிவிட்டுப் போன வயல்களை மீட்கும் இயந்திரங்கள் சில முன்னாள் போராளிகளிடம் இருக்கின்றன. ஒரு வருடத்துக்கென்று தந்த அரசு, ஏற்றுமதிப் பயிருக்காக வேறு மாகாணத்துக்கு அவற்றைத் திருப்பிக் கேட்கிறது. அவர்கள் மறுத்து மலைக்குள் போகிறார்கள். பிடிக்க வரும் படையினரும் ஒரு காலத்தில் அதே இயக்கத்தில் இருந்தவர்கள். இரு பக்கமும் துவக்கை நீட்டி, சுட மனமில்லாமல் இறக்குகின்றன. பச்சிலைப்பள்ளியின் முகமாலையில் வருடக்கணக்காக நிலத்தைச் சாண் சாணாகக் கிண்டிக் கண்ணிவெடி எடுப்பவர்களுக்கு மண்ணை மீட்கும் இயந்திரம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. டீப் ஸ்பேஸ் நைன் வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் சிலருக்கு அது சலிப்பாக இருந்தது. கலம் எங்கும் போவதில்லை, ஒரே இடத்தில் நின்று அரசியல் பேசுகிறது என்றார்கள். இடம்பெயர்ந்து பெயர்ந்து கடைசியில் திரும்பி வந்து நின்ற சனத்துக்கு, ஒரே இடத்தில் நிற்பது பற்றிய கதை சலிக்காது.

சிறுபிள்ளைத்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு ஜோர்ஜ் லா ஃபோர்ஜ் என்ற பெயரே மறுமொழி. தசைநார் தேய்வு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்க இளைஞர் அவர். ஸ்டார் ட்ரெக்கின் தீவிர இரசிகர். 1975 இல் இறந்தார். 1987 இல் புதிய தொடர் தொடங்கியபோது, விண்கலத்தில் வேலைசெய்யும் பார்வையற்ற ஒருவருக்கு ரொடன்பெரி ஜோர்டி லா ஃபோர்ஜ் என்று பெயர் வைத்தார். அடுத்த பருவத்தில் அந்தப் பாத்திரம் கலத்தின் தலைமைப் பொறியியலாளர் ஆனது. கண்ணில் அணியும் ஒரு கருவியால் அவர் பார்க்கிறார்; அந்தக் கருவி அவருக்குத் தலைவலி தருகிறது; அனுதாபத்தை அவர் விரும்புவதில்லை. 1992 இல் வந்த ஓர் அத்தியாயத்தில், குறைபாடுள்ள கருவைப் பிறக்கவே விடாத ஒரு சமூகத்தைக் காப்பாற்ற வழி அவருடைய அந்தக் கருவியிலிருந்தே கிடைக்கிறது. தன்னைப் போன்றவன் பிறக்கவே முடியாத ஊரைத் தன் குருட்டுத்தனம் காப்பாற்றுவதை எண்ணி அவர் சிரிக்கிறார். கண்ணையும் காலையும் கையையும் போரில் கொடுத்தவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். தமிழ்ச் சினிமா அவர்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் கண்ணீர்ப் பாட்டு, இல்லாவிட்டால் பகிடி. கலத்தின் இயந்திர அறையைப் பொறுப்பேற்று நடத்துபவராக ஒரு பார்வையற்றவரை வைத்த தொடரைச் சிறுபிள்ளைத்தனம் என்போர் முதிர்ச்சிக்கு உதாரணமாக எதைக் காட்டுவர் என்று தெரியவில்லை.

இரசிகர்களின் தரப்பிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பாதுகாப்பு வாதத்தையும் இங்கேயே தள்ளிவிட வேண்டும். ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்துத்தான் கைத்தொலைபேசி வந்தது, ஆகவே தொடர் பயனுள்ளது என்பது அது. கைத்தொலைபேசி வானொலிப் பொறியியலின் நீண்ட உழைப்பில் வந்தது. தொடருக்கு அதில் உரிமை கோர வேண்டியதில்லை. பயன் காட்டித்தான் ஒரு கலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கோவலன் கூத்தையும் காப்பாற்ற முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் போருக்குப் பின் கிளிநொச்சியில், அறிவியல் நகர் என்று பெயர் கொண்ட இடத்திலேயே அமைந்தது. அங்கே படிக்கும் பிள்ளை ஒன்று விண்கலத் தொடர் பார்த்தால் நல்ல பொறியியலாளர் ஆகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. பார்க்கப் பிடிக்கிறது, பார்க்கிறது.

கம்பனிக்காரன் விற்கும் சரக்குக்கு அடிமையாவதுதான் இரசிகத்தன்மை என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. பொம்மையும் சட்டையும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஆனால் அடிமை எஜமானோடு இப்படிச் சண்டைபிடிப்பதில்லை. 1967-68 இல் ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப் போகிறார்கள் என்றவுடன் இரசிகரான பீஜோ டிரிம்பிளும் அவர் கணவரும் தொடங்கிய கடித இயக்கம் தொலைக்காட்சி நிறுவனத்தைத் திக்குமுக்காட வைத்து, ஒளிபரப்பிலேயே தொடர் நீடிக்கும் என்று அறிவிக்கச் செய்தது. 1976 இல் நாசா தன் முதல் விண்ணோடத்துக்குக் ‘கொன்ஸ்ரிரியூஷன்’ என்று பெயரிடவிருந்தது. இரசிகர்களின் கடிதங்கள் வெள்ளை மாளிகையில் குவிந்து அதை ‘என்ரர்பிரைஸ்’ ஆக்கின. டொக்டர் ஹூவை 1989 இல் பிபிசி கைவிட்டது. பதினாறு வருடம் அதை நாவல்களிலும் ஒலி நாடகங்களிலும் உயிரோடு வைத்திருந்தவர்கள் இரசிகர்களே. 2005 இல் அதைத் திருப்பிக் கொண்டுவந்த ரசல் டி டேவிஸ் சிறுவயதிலிருந்தே இரசிகர். பின்பு அதன் நாயகனாக நடித்த பீற்றர் கபால்டி பதின்ம வயதில் வானொலி இதழுக்கு டொக்டர் ஹூ பற்றிக் கடிதம் எழுதியவர். பார்ப்பவரின் கைக்கு வந்துசேர்ந்த தொடர் இது.

குறைகள் இல்லாமல் இல்லை. 1967 இல் ஸ்டார் ட்ரெக் வட இந்தியச் சீக்கியன் என்று சொல்லி கான் நூனியன் சிங் என்றொரு பாத்திரத்தைக் கொண்டுவந்தது. நடித்தவர் மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்ரல்பான். தலைப்பாகை இல்லை, பெயரிலேயே இடறல். தெற்காசியா அந்தத் தொடர்களுக்கு நெடுங்காலம் ஒரு வாசனைத் திரவியமாகவே இருந்தது. டொக்டர் ஹூ தெற்காசியாவின் மண்ணில் நிலைகொண்டு ஒரு கதை சொல்ல 2018 நவம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1947 ஓகஸ்டில் பஞ்சாப் எல்லை கிழிக்கப்படும் நாட்களில், ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் எதிரெதிர்ப் பக்கம் போவதே அந்த அத்தியாயம். வேற்றுக்கிரகவாசிகள் அதில் கொலைகாரர்களாக வருவார்கள் என்று எதிர்பார்த்திருப்போம். அவர்கள் வந்தது யாருமில்லாமல் சாகிறவர்களுக்குப் பக்கத்தில் சாட்சியாக நிற்க. கொலையைச் செய்வது அயலவரும் சொந்தத் தம்பியும். அதை எழுதியவர் தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த வினய் பட்டேல். ஐம்பத்தைந்து வருடம் பிந்தி வந்தாலும் அது உள்ளிருந்து வந்தது. முள்ளிவாய்க்காலையோ ஏ9 வீதியையோ அறிந்த ஒருவர் இன்னும் அந்த மேசைக்குப் போய்ச் சேரவில்லை. போகிறவர், வேற்றுக்கிரகக் கதை நமக்கு எதற்கு என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட வீட்டிலிருந்து போகப்போவதில்லை.